கடப்பா கல் மேடைக்கு டைல்ஸ்: 14 மாதம் கழித்து ஒரு கணக்கு

எங்கள் குளியலறையில் வாஷ்பேசின் உட்கார்ந்திருக்கும் கடப்பா கல் மேடையைப் பாழாக்கியது நான்தான். வெட்கம் என்னவென்றால், எனக்குச் சோறு போடுவதே ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகம். கார்பனேட் உப்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். வருடா வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்த அமிலத்தைக் கலந்து பாட்டிலில் ஊற்றி வைக்கிற உதவியாளர் நான். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் ஜாதி, அதாவது கார்பனேட். போர் தண்ணீரில் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு கட்டியிருந்ததைக் கரைக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். நன்றாகப் பொங்கியது. உப்பு கரைகிறது என்று பூரித்துப்போனேன். கல்லும் சேர்ந்து கரைந்தது மறுநாள் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. கறுப்பாக மினுங்கிய மேடையில் குழாயைச் சுற்றி ஒரு முறம் அளவுக்குத் திருநீறு பூசியதுபோல் சாம்பல் பூத்துவிட்டது.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் தடவினால் கடப்பா கல் கறுப்பாகும், உண்மைதான். ஒரு வாரம் கறுப்பாக இருக்கும், சோப்புத் தண்ணீர் பட்டதும் பழையபடி சாம்பல். ஆக, 2 வருடம் வாரா வாரம் தலைக்குத் தேய்க்கிற மாதிரி மேடைக்கும் தேய்த்தேன். இந்த எண்ணெய் பின்னால் என் காலை வாரப்போகிறது என்று அப்போது தெரியாது.

வீடு சென்னை குரோம்பேட்டையில், 1998-ல் கட்டிய அடுக்குமாடி. மேடை 3 அடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலம், நடுவில் மேலிருந்து இறக்கி வைத்த வெள்ளை ஓவல் பேசின். கல்லை எடுத்துவிட்டு கிரானைட் போட விலை கேட்டேன். கல், பேசினுக்கு ஓட்டை, முன்விளிம்பு மோல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் என்றார்கள். அதுபோக, கல் மூன்று பக்கமும் சுவருக்குள் ஏறி உட்கார்ந்திருப்பதால் உருவும்போது சுவர் டைல்ஸ் இரண்டு மூன்று போகும் என்றார்கள். 1998-ன் அந்த மஞ்சள் பூப்போட்ட டைல் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மூன்று டைலுக்காக முழு பாத்ரூமையும் மாற்ற வேண்டி வரும். வேண்டாம் சாமி என்று கும்பிட்டுவிட்டேன்.

மாடி வீட்டில் கிரானைட் மாதிரி தெரியும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய அன்று போய்ப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. நான்கே மாதத்தில் பேசின் ஓரம் சுருண்டு, அடியில் கறுப்பு அழுக்கு. என் மகளோ ஆத்தங்குடி டைல்ஸ் போடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அழகுதான், யார் இல்லை என்றது? கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்வது. ஆனால் அது சிமெண்ட். ஆசிட் பட்டால் கடப்பாவுக்கு ஆன கதிதான் அதற்கும். எங்கள் வீட்டில் என் ஆசிட் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் தலைக்கு அடிக்கும் டை இன்னொரு பக்கம். செட்டிநாட்டுத் தாழ்வாரத்தில் இருக்க வேண்டியதைக் கொண்டுவந்து இங்கே சித்திரவதை செய்யவேண்டாம் என்று மகளைச் சமாதானப்படுத்தினேன்.

மிஞ்சியது, இருக்கிற கல் மேலேயே சாதாரண டைல்ஸ் ஒட்டுவது. இதை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் முறை ஆறு வாரம் நின்றது. இரண்டாவது 14 மாதமாக நிற்கிறது. இந்த விமர்சனம் இரண்டாவதைப் பற்றியது என்றாலும், முதலாவதைச் சொல்லாவிட்டால் எதற்குக் காசு போட வேண்டும் என்பது விளங்காது.

முதல் முறை வந்தவர் எங்கள் தெருவிலேயே வேலை செய்துகொண்டிருந்த ஒரு கொத்தனார். கீழ்வீட்டில் மிஞ்சிக் கிடந்த சுவர் டைல்ஸ் ஒரு பெட்டி இலவசமாகக் கிடைத்தது. "இதுக்கெல்லாம் பசை எதுக்கும்மா? 30 வருஷமா சிமெண்ட் பால்லதான் ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். அனுபவஸ்தர் சொல்லுக்கு மறுபேச்சு பேசாமல் இருந்தது என் தப்பு. பேசினைக் கழற்றினார், கல்லைத் துணியால் துடைத்தார், சிமெண்ட் பூசினார், டைல்ஸ் வைத்துத் தட்டினார், மாலை 4 மணிக்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிமெண்டும் மணலும் 150 ரூபாய். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் ஒரு காலை, என் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது மேடையின் முன்பக்க டைல் பட்டி அவர் கால் பக்கத்தில் விழுந்து உடைந்தது. மேலே இருந்தவற்றை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் டொக் டொக் என்று பானைச் சத்தம். தோசைத் திருப்பியை விட்டு நெம்பினால் அப்பளம்போல் வந்துவிட்டன. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டைல்ஸ் முதுகில் சிமெண்ட் அப்படியே கெட்டியாகப் பிடித்திருந்தது. கல் பக்கம் கழுவி வைத்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. சிமெண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. வழவழப்பான கல், அதன் மேல் 2 வருட தேங்காய் எண்ணெய், அது எங்கே பிடிக்கும்?

போன வருட மே மாத விடுமுறையில் இரண்டாவது சுற்றை ஆரம்பித்தேன். இந்த முறை வாத்தியார் மாதிரி முதலில் பாடம் படித்தேன்.

கல்லைத் தயார் செய்யவே ஒரு முழு நாள். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, நார் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்து, மறுபடியும் அதே. எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கையால் தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலையில்போல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பரவிப் படர்ந்தால் போய்விட்டது. எனக்கு நான்கு கழுவல் ஆனது. அப்புறம் டைல்ஸ்காரர் வந்து மார்பிள் கட்டரால் கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆழமில்லாத கோடுகள் போட்டார், அம்மிக்குக் கொத்து விடுவது மாதிரி. உளி வைத்துக் கொத்த வேண்டாம் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். கடப்பா கல் ஏடு ஏடாகப் பிளக்கும், வேகமாக ஒரு அடி விழுந்தால் மேடையே இரண்டாகும். இந்தக் கோடு போடும் அரைமணி நேரம் பாத்ரூம் மாவு மில் ஆகிவிடும். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, இரண்டு பேரும் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

டைல்ஸ் வாங்கியது ஜி.எஸ்.டி. சாலையில், பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், பெரிய ஷோரூம்களின் நிழலில் இருக்கும் ஒரு மிச்ச சரக்குக் கடையில். பெரிய கடைகளில் பெட்டி பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். இங்கே உதிரியாகக் கிடைக்கும். கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்தது ஏனென்றால், உள்ளே நடக்கவே இடமில்லை, சேலைத் தலைப்பு எதிலாவது மாட்டும், வாங்கியதைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். நான்கு கொடுத்தது அங்கிருந்த பையனுக்காக. 20 வயதுதான் இருக்கும். "ஆன்ட்டி, பெட்டியில இருக்கிற ஷேடு நம்பரைப் பாத்துக்குங்க. ஒரே டிசைனா இருந்தாலும் நம்பர் மாறினா கலர் மாறும்" என்று அவனாகவே சொன்னான். மூன்று பெட்டியைக் கவிழ்த்து ஒரே நம்பரில் நான்கு டைல் பொறுக்கிக் கொடுத்தான். குஜராத்தின் மோர்பியில் செய்தவை.

அங்கே நான் ஒரு காரியம் செய்தேன், பையன் சிரித்தான். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒவ்வொரு வகை டைலின் முதுகிலும் ஒரு சொட்டு விட்டேன். சுவர் டைல் கண் முன்னாலேயே குடித்துவிட்டது. விட்ரிஃபைட் டைலில் சொட்டு அப்படியே நின்றது. சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழுக்கும் ரகம். விட்ரிஃபைட் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாள் முழுக்க ஈரமாக இருக்கும் மேடைக்கு இரண்டாவதுதான் சரி. அதே குணம்தான் அதன் சிக்கலும். தண்ணீரையே உள்ளே விடாத டைல் சிமெண்ட் பாலை மட்டும் எப்படி உள்ளே விடும்? அதற்குப் பசை கட்டாயம்.

பளபளப்பு வேண்டாம் என்று மேட் வகையில் இளஞ்சாம்பல் நிறம் எடுத்தேன். எங்கள் தண்ணீருக்கு ஒவ்வொரு சொட்டும் காய்ந்தால் ஒரு வெள்ளை வட்டம். பளபளப்பில் அது நட்சத்திர வானமாகத் தெரியும். இன்னொன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் ஓடும் ஃபுல் பாடி டைல் கேட்டு வாங்கினேன். மேலே மட்டும் டிசைன் இருக்கும் வகையை வெட்டினால் ஓரத்தில் வேறு நிறம் பல்லைக் காட்டும். 2 அடிக்கு 2 அடி, 9 மில்லிமீட்டர் தடிமன், நான்கு டைல், 700 ரூபாய். ஒரு டைலே 7 கிலோ இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று நினைத்து வந்தவள், ஆட்டோவுக்கு 250 கொடுத்தேன்.

சின்ன மேடைக்கு எதற்கு இவ்வளவு பெரிய டைல் என்று எல்லோரும் கேட்டார்கள். மேடையில் அழுக்கு சேரும் இடம் டைல் இல்லை, இணைப்புதான். சின்ன மொசைக் போட்டால் பார்க்க அழகு, தேய்க்க ஆயுள் போதாது. 2 அடி டைல் இரண்டை மேடைக்குப் பாதிப் பாதியாக வருமாறு வெட்டி, ஒரே ஒரு இணைப்பு பேசினின் நடுக்கோட்டில் வருகிற மாதிரி வைத்தால், அந்த இணைப்பின் பெரும்பகுதியை பேசின் ஓட்டை விழுங்கிவிடும். முன்னால் மூன்று விரல், பின்னால் மூன்று விரல் நீளம்தான் வெளியே தெரியும். பின்னால் இருக்கும் அந்த மூன்று விரலிலும் பாதியைக் குழாயின் அடித்தட்டு மறைத்துவிடும். இன்னொரு லாபமும் கிடைத்தது. குழாய் ஓட்டை நடுக்கோட்டில் வருவதால், டைலில் வட்டமாகத் துளை போட வேண்டியதில்லை. ஒவ்வொரு டைல் ஓரத்திலும் ஒரு அரைவட்டம் கடித்தால் போதும். இந்த யோசனை என்னுடையது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். டைல்ஸ்காரரே தலையாட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி, டைல்ஸ் வேலை மட்டும் செய்பவர். "அக்கா, பசையில ஒட்டுறதுன்னா நான் வரேன், சிமெண்ட்ல ஒட்டச் சொன்னா வரல" என்று போனிலேயே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே அவரைப் பிடித்துப்போனது. ஒரு நாள் கூலி 1,000. வெட்டுவதும் ஒட்டுவதும் அவர், இணைப்பு நிரப்புவதும் ஓரங்களில் ரப்பர்போல் வளையும் சிலிகான் அடைப்பதும் நான் என்று பேச்சு.

பேசினைக் கவிழ்த்து வைத்து தினசரித் தாளில் ஓவலை வரைந்து, விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி இன்னொரு ஓவல் வரைந்து, அதை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டார். மொட்டை மாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினார். ஓவலை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது. சீப்புப் பல் மாதிரி வரிசையாக வெட்டுப் போட்டு, பற்களைத் தட்டி எடுத்து, கிரைண்டரால் ராவ வேண்டும். முதல் டைல் கிட்டத்தட்ட முடிந்தபோது, முன்னால் மீந்திருந்த மூன்று விரல் அகலக் கழுத்து டப்பென்று முறிந்தது. தம்பி முகம் வாடிவிட்டது. நான்காவது டைல் இதற்குத்தான் என்று எடுத்துக் கொடுத்தேன். உடைந்ததை வீணாக்கவில்லை, சுவரோரம் 4 அங்குலம் ஏற்றிய பட்டி அதிலிருந்துதான் வந்தது. நீங்கள் வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒன்று கட்டாயம் எடுங்கள். பிறகு போய்க் கேட்டால் அந்த நம்பர் இருக்காது.

பசைக்கு வருவோம். நான் வாங்கியது ராஃப், 5 கிலோ பை, 280 ரூபாய். கடைகளில் பெரும்பாலும் 20 கிலோ பைதான் வைத்திருக்கிறார்கள். இந்த அளவு மேடைக்கு அதில் முக்கால் பங்கு வீணாகும், அலைந்தாலும் 5 கிலோவையே தேடி வாங்குங்கள். எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வகை என்பதுதான் முக்கியம். ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக்குறியீட்டில் டைல்ஸ் பசைகளை வகை பிரித்திருக்கிறார்கள். தரையில் சாதா செராமிக் ஒட்டுவதற்கான முதல் வகைதான் இருப்பதில் மலிவு, கடைக்காரர் கை முதலில் அதற்குத்தான் போகும். பழைய டைல்ஸ் மேலோ கல் மேலோ ஒட்டலாம் என்று பையிலேயே எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

கலப்பதில் எனக்கும் தம்பிக்கும் ஒரு சின்ன உரசல். அவர் கண்ணளவில் தண்ணீர் ஊற்றப் போனார். நான் அளவுக் குவளையோடு நின்றேன். (சொந்தக் காசில் வாங்கிய குவளை, பள்ளிக்கூடத்தது இல்லை.) பையில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீர் கூடினால் குழைவது சுலபம், பிடிமானம் போச்சு. கலந்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கிண்ட வேண்டும். பல் வைத்த கரணையால் கல் மேல் வரி வரியாக இழுத்து, டைல் முதுகிலும் மெல்லிசாகத் தடவி வைத்தார். வைத்த டைலை உடனே ஒருமுறை தூக்கிக் காட்டச் சொன்னேன். முதுகு முழுக்கப் பசை பரவியிருந்தது. அது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மே மாத வெயிலில் பசை சீக்கிரம் ஏடு கட்டும். விரலில் ஒட்டாத அளவுக்கு மேலே காய்ந்துவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதன் மேல் தண்ணீர் தெளித்துச் சமாளிக்கக் கூடாது.

பழைய கல் சுவர்ப் பக்கம் வாட்டமாக இருந்தது, தண்ணீர் எப்போதும் பின்னால் தேங்கும். ரசமட்டம் வைத்து, பின்பக்கம் பசையைக் கொஞ்சம் கூட்டி அதையும் சரிசெய்துவிட்டார். முன்விளிம்பில் 45 டிகிரியில் இரண்டு டைலும் சேர்கிற மாதிரி செய்யலாமா என்று கேட்டார். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், ஆனால் அந்தக் கத்தி முனை ஒரு வாளி பட்டால் சில்லு போகும். மேல் டைலை முன்பட்டிக்கு ஒரு நூல் அளவு வெளியே நீட்டி, ஓரத்தை மழுக்கச் சொன்னேன்.

மறுநாள் இணைப்பு. இங்கேதான் பெரும்பாலானோர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், பிடிக்கக் கூடாத இடம் இதுதான். வெள்ளை சிமெண்டோ சிமெண்ட் ஜாயிண்ட் ஃபில்லரோ போட்டால் 60, 70 ரூபாயில் முடியும். ஆனால் அது தண்ணீர் குடிக்கும், சோப்பைக் குடிக்கும், நான் ஆசிட் ஊற்றினால் அதையும் குடித்துக் கரையும். ஈப்பாக்சி என்ற பிசின் வகை நிரப்பி 1 கிலோ 750 ரூபாய், டைல்ஸ் விலையைவிட அதிகம். வாங்கும்போது கை நடுங்கியது, இன்று வருத்தமில்லை. பிசின், கெட்டிப்படுத்தி, நிறப்பொடி என்று மூன்று பொட்டலம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கலந்தால் அரை மணியில் கல்லாகிவிடும். நான் சமையலறைத் தராசில், பொட்டலத்தில் இருக்கிற விகிதம் மாறாமல் மூன்றிலிருந்தும் வேண்டிய அளவு மட்டும் நிறுத்து இரண்டு தவணையாகக் கலந்தேன். கலக்கும்போது கிண்ணம் வெதுவெதுப்பாகும், பயப்பட வேண்டாம், வினை நடக்கிறது என்று அர்த்தம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

முதல் தவணை அருமையாகப் போனது. இரண்டாவதில் பால்காரர் வந்தார், கணக்குப் பேசினேன், 10 நிமிடம் போய்விட்டது. ஈரப் பஞ்சால் உடனே துடைத்திருக்க வேண்டிய பிசுக்கு மேட் டைலின் நுண்ணிய குழிகளில் பிடித்துக்கொண்டது. குழாய்க்கு வலது பக்கம் உள்ளங்கை அளவு ஒரு மங்கல் இன்றும் இருக்கிறது. சாய்ந்து பார்த்தால் தெரியும். யாரும் சாய்ந்து பார்ப்பதில்லை, நான் தினமும் பார்க்கிறேன்.

டைலும் சுவரும் சேரும் மூலை, பேசின் விளிம்பு, குழாய் அடித்தட்டு, இந்த மூன்று இடத்திலும் ஈப்பாக்சி போடக் கூடாது. அது இறுகிய பின் அசையாது, மேடையும் சுவரும் ஒன்றுக்கொன்று லேசாக அசைந்துகொண்டேதான் இருக்கும், விரிசல் விடும். அங்கே சிலிகான். சிலிகானிலும் இரண்டு வகை இருக்கிறது. திறந்ததும் வினிகர் வாடை அடிப்பது காய்வதற்குள் அசெட்டிக் அமிலத்தை வெளியே விடும். கீழே சுண்ணாம்புக்கல். நான் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவள். நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு 230 ரூபாய்க்கு வாங்கினேன்.

மேடை அரை அங்குலம் உயர்ந்துவிட்டது. குழாயின் மரை போதுமா என்று முந்தின இரவெல்லாம் கவலை. போதுமானதாக இருந்தது. ஆனால் பேசினின் தண்ணீர் வெளியேறும் வாயில் இருந்த பழைய வேஸ்ட் கப்ளிங், கழற்றியபோதே உடைந்து கையோடு வந்துவிட்டது. புதிதாக அதுவும் அதன் கீழே மாட்டும் பாட்டில் டிராப்பும் 380, கனெக்‌ஷன் பைப் 140. பழைய பாத்ரூமில் எதைத் தொட்டாலும் இந்தச் செலவு கூடவே வரும், முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுங்கள். மூன்று நாள் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் அந்த மூன்று நாளும் சமையலறைத் தொட்டியில் பல் தேய்த்தார். அதைப் பார்க்க நேர்ந்ததும் இந்தத் திட்டத்தின் செலவில் சேர்த்தி.

மொத்தம் 3,730 ரூபாய். முதல் முறை வீணான 1,350-ஐ மறைக்காமல் சேர்த்தால் 5,080. கிரானைட்டுக்குக் கேட்ட 9,500-உடன் ஒப்பிட்டால் லாபம்தான், ஆனால் "மூவாயிரத்தில் முடித்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்தும் அளவுக்கு இல்லை.

14 மாதத்தில் என்ன ஆனது? நாணயத்தால் தட்டினால் எல்லா இடத்திலும் கெட்டிச் சத்தம். ஈப்பாக்சி இணைப்பு போட்ட அன்றைய நிறத்தில் இருக்கிறது, ஒரு மழைக்காலம் போயும் பூஞ்சை இல்லை. டை கறை அன்றே துடைத்தால் போய்விடுகிறது, ஒருமுறை வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க விட்டுவிட்டார், வெளிர்ப் பழுப்பாக ஒரு நிழல் தங்கிவிட்டது. உப்பு வட்டங்கள் வரத்தான் செய்கின்றன, மேட் என்பதால் கண்ணில் படுவது குறைவு. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். குறை என்று சொன்னால் சிலிகான். பேசின் பின்புறம் ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி வந்து, போன மாதம் கீறி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். அந்த மூலையில் வெளிச்சமும் காற்றும் இல்லை, சிலிகானைச் சொல்லிக் குற்றமில்லை.

எல்லோருக்கும் இது சரிவராது. பேசின் கல்லுக்கு அடியிலிருந்து ஒட்டியிருந்தால், வெட்டிய டைல் ஓரம் முழுக்க வெளியே தெரியும். அதை வழவழப்பாக ராவும் கூலிக்குப் புதுக் கல்லே போட்டுவிடலாம். மேடையில் கையூன்றி அழுத்தும்போது ஆடினாலோ, கல்லில் விரிசல் இருந்தாலோ, மேலே எது ஒட்டினாலும் அந்த விரிசல் மேலே ஏறி வரும். ஒட்டுப்பலகையில் செய்த ரெடிமேட் அலமாரி மேடைக்கு நேரடியாக ஒட்டவே கூடாது, ஈரத்தில் அந்தப் பலகை உப்பும்.

மிஞ்சிய ஈப்பாக்சியை மறுபடி உபயோகிக்கலாம் என்று மூடி வைத்திருந்தேன், கலக்காதது கெடவில்லை. ஆனால் மிஞ்சிய பசைப் பொடியை இறுக்கிக் கட்டாமல் வைத்தது ஐப்பசி மழையில் பையோடு கல்லாகிவிட்டது. இப்போது அது மொட்டை மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டிய மாடி வீட்டு அக்கா போன வாரம் வந்து நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, தம்பியின் நம்பர் கேட்டார். கூப்பிட்டால் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவாம். ஆடி முடிந்து வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை ஆசிட் பக்கம் போகாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்.